ஓலைக்குடிசையும் காணி உறுதியும்

யாழ்ப்பாணத்து ஊரொன்றிலே புதிதாக வந்த ஒருவர் யாரையேனும் தேடி வழி விசாரித்தால், படலையடியில் நிற்கும் முதியவர், "எந்த வளவு?" என்று திருப்பிக் கேட்பது நெடுநாளைய வழக்கம். பெயருக்கு அடுத்தபடியாக ஒருவரை இன்னாரென்று காட்டுவது அவர் குடியிருக்கும் நிலமே. வளவு என்பது வேலியால் எல்லை வகுக்கப்பட்ட நிலம்; கிணறு உடையது; பனையும் தென்னையும் நிற்பது; எல்லாவற்றுக்கும் மேலாக, உறுதியிலே உடையவர் பெயர் பதிந்தது. அத்தகைய நிலம் இல்லாதவனுக்கும் ஊரிலே இருப்பிடம் உண்டு. ஆனால் அதனை எவரும் வளவு என்பதில்லை. கொட்டில் என்பர், குடிசை என்பர், அல்லது அங்கு வாழ்வோரின் சாதிப் பெயரோடு சேர்த்து இன்ன குறிச்சி என்பர்.

வறியவருடைய இருப்பிடத்தின் வரலாறு இந்தச் சொற்களுக்குள்ளேயே அடங்கியிருக்கின்றது. குடிசையைப் பார்த்த கண்கள், அதிலே வாழ்பவனின் இயல்பையே பார்த்துவிட்டதாக எண்ணிக்கொண்டன. "சோம்பல், அழுக்கு, கட்டுக்கடங்காமை" என்று ஓலைக்கூரைக்கு உரை எழுதியவர் பலர். அந்தக் கூரை நின்ற நிலம் யாருடையது என்று கேட்டவர் சிலரே. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வரலாறோ அந்த இரண்டாவது வினாவையே மீண்டும் மீண்டும் எழுப்பி வந்திருக்கின்றது.

சேரி என்னும் சொல்லை முதலிலே எடுத்துக்கொள்ளலாம். பழந்தமிழில் அது பலர் சேர்ந்து வாழும் இடத்தைக் குறித்தது. அதிலே இழிவு எதுவும் இல்லை. சோழர் காலத்துப் பிரமதேய ஊர்கள் பல, சேரிகளாகவே பிரிக்கப்பட்டிருந்தன. அந்தணர் வாழ்ந்த சேரிகள் அரசர்களுடைய பெயர்களையே தாங்கி நின்றன. ஆயினும், முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுக்கள், வரி நீங்கிய நிலங்களைக் கூறுமிடத்துப் பறைச்சேரி, கம்மாணசேரி, தீண்டாச்சேரி என்னும் பெயர்களையும் தருகின்றன. ஆகவே, பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தமிழ்நாட்டு ஊரின் வரைபடத்தில் ஒரு மூலை தனியே ஒதுக்கப்பட்டுவிட்டது. பின்வந்த நூற்றாண்டுகளிலே பிற சேரிகளெல்லாம் தெருவாகவும் அக்கிரகாரமாகவும் பெயர் மாறின. எஞ்சிய இடத்துக்கு மட்டும் சேரி என்னும் பெயர் ஒட்டிக்கொண்டது. குடாநாட்டிலே சாவகச்சேரி என்னும் ஊர்ப்பெயர் அச்சொல்லின் பழைய பொருளை இன்றும் காத்து நிற்கின்றது. சாவகர் குடியிருந்த இடம் என்பதே அப்பெயருக்கு அறிஞர் கூறும் பொருள். அவ்வூரின் பெயரைச் சொல்ல எவரும் நாணுவதில்லை. ஒரு சொல் இழிவடைவது அதன் ஒலியினால் அன்று. அச்சொல்லால் குறிக்கப்பட்டவருக்கு உலகம் தந்த இடத்தினாலேயே ஆகும்.

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லின்மேல் அமைந்த நிலம். ஆறு இல்லை, மலை இல்லை, கிணறே உயிர். வீடு கட்டுதற்கு மண்ணும், மரத்துக்கும் ஓலைக்கும் பனையும், கிடுகுக்குத் தென்னையும் உதவின. நெடுங்காலமாக இந்நாட்டு மக்களுள் மிகப் பெரும்பாலோர், செல்வமுடையோர் உட்பட, மண்சுவரின்மேல் ஓலை வேய்ந்த வீடுகளிலேயே வாழ்ந்தனர். நடுவிலே திறந்த முற்றமும் நாற்புறமும் அறைகளும் கொண்ட நாற்சார் வீடும், வழிப்போக்கர் இளைப்பாறும் சங்கடப்படலையும் வசதியுடையோர் இல்லத்துக்கு அடையாளங்களாயிருந்தன. எனினும் அவற்றின் கூரையும் பல காலம் ஓலையாகவே இருந்தது. பனையோலைக் கூரை வெயிலைத் தடுக்கும்; சாணம் மெழுகிய தரை குளிர்ச்சி தரும். ஆகையால் ஓலையிலே அக்காலத்தில் இழிவு காணப்படவில்லை. செல்வருக்கும் வறியவருக்கும் இடையிலிருந்த வேறுபாடு கூரைக்கு மேலே தெரியவில்லை. தரைக்குக் கீழே இருந்தது. ஒருவருடைய வீடு அவருடைய நிலத்திலே நின்றது. மற்றவருடைய குடிசை பிறருடைய நிலத்திலே நின்றது.

இந்த வேறுபாட்டை ஒல்லாந்தர் ஆட்சி ஏட்டிலே பதித்தது. 1707 ஆம் ஆண்டிலே, யாழ்ப்பாணத்துத் திசாவையாயிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர், இந்நாட்டு மக்களின் வழமைகளைத் தொகுத்து எழுதினார். தமிழிலே பெயர்க்கப்பட்ட அத்தொகுப்பைப் பன்னிரண்டு முதலிமார் பார்த்து ஒப்புக்கொண்டனர். தேசவழமை என வழங்கும் அச்சட்டம் முதுசம், சீதனம், ஒற்றி முதலியவற்றை விரித்துரைக்கின்றது; அதனோடு அடிமைகளைப் பற்றியும் பேசுகின்றது. கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் என்போர் அதிலே அடிமைகள் என்ற தலைப்பின்கீழ் வருகின்றனர். நிலம் எவ்வாறு கைமாறும் என்று கூறிய ஏட்டிலேயே மனிதர் எவ்வாறு கைமாறுவர் என்பதும் எழுதப்பட்டிருந்தது.

அச்சட்டத்திலே இன்னொரு விதியும் உண்டு. ஒருவர் தம் காணியை விற்க விரும்பினால், அதனை முதலிலே உரித்தாளருக்கும், பங்காளருக்கும், அக்காணியை ஒற்றியாகப் பிடித்திருக்கக்கூடிய அயற்காணிக்காரருக்கும் அறிவித்தல் வேண்டும். முன்வாங்கும் உரிமை என்று இதனைச் சட்டம் அறிந்தோர் கூறுவர். குடும்பச் சொத்துச் சிதறாமல் காக்கும் நல்ல ஏற்பாடென்று பலர் இதனைப் புகழ்ந்ததுண்டு. ஆனால் பங்காளியாகவும் அயற்காணிக்காரனாகவும் ஒருபோதும் இருந்திராத ஒருவனுக்கு இது திறவாத கதவு. அவன் கையிலே பணம் சேர்ந்தாலும் அவனுக்கு முன்னே வரிசையில் நிற்போர் பலர். 1947 ஆம் ஆண்டின் சட்டமே இவ்வுரிமையைப் பங்காளர், உரித்தாளர் என்னும் எல்லைக்குள் ஒடுக்கியது.

1844 ஆம் ஆண்டிலே பிரித்தானியர் ஆட்சி இலங்கையில் அடிமைமுறையைச் சட்டத்தால் ஒழித்தது. அன்று விடுதலை பெற்றோர் கையிலே விடுதலை இருந்தது, காணி இருக்கவில்லை. நேற்றுவரை எந்த நிலத்தின் ஓரத்திலே குடிசை கட்டியிருந்தனரோ, அதே நிலத்தின் ஓரத்திலேயே அவர்கள் மறுநாளும் விழித்தெழுந்தனர். குடியிருக்க இடம் கொடுத்தவருடைய தோட்டத்திலே வேலை செய்வதும், அவர் வீட்டு நன்மை தீமைகளுக்குத் தொண்டு செய்வதும் வாடகைக்கு ஈடாக நின்றன. சங்கிலி கழன்றது, கயிறு கழலவில்லை. தொழிலாளி ஒருவன் கூலி போதாதென்று வாய்திறந்தால், "குடி எழும்பு" என்னும் இரண்டு சொற்கள் போதுமாயிருந்தன. எழும்பிப் போகவேண்டியிருக்கும் என்று அஞ்சுபவன் அத்திவாரம் போடுவானா? கிணறு வெட்டுவானா? தென்னம்பிள்ளை நடுவானா? பலன் தர ஆண்டுகள் செல்லும் எதையும் அவன் செய்யத் துணியான். அயலார் அதனைப் பார்த்து, நாளையைப் பற்றி எண்ணாத சாதி என்றனர்.

வீட்டின் உருவத்தையே அரசர் விதித்த நாடுகளும் உண்டு. கண்டி இராச்சியத்திலே ஏறத்தாழ இருபது ஆண்டு சிறையிருந்த இறொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1681 இல் வெளியிட்ட நூலிலே, அங்குள்ள குடிமக்கள் தம் வீட்டுக்கு ஓடு வேயவோ, சுவருக்குச் சுண்ணாம்பு பூசவோ அனுமதிக்கப்படவில்லையென எழுதியுள்ளார். திருவிதாங்கூரிலே நாடார் மக்கள் ஒரு நிலைக்கு மேல் வீடு கட்டலாகாதென்ற தடை பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் நிலவியது. குடாநாட்டிலே ஒடுக்கப்பட்டோர் எதனை உடுக்கலாம், எந்தக் கிணற்றிலே நீர் அள்ளலாம், எந்தக் கோயில் வாசலைத் தாண்டலாம் என்பவற்றையெல்லாம் ஊர்க்கட்டுப்பாடு வகுத்திருந்தது. வீட்டைப் பொறுத்தவரை அத்தகைய விதியும் பெரிதும் வேண்டியிருக்கவில்லை. பிறர் காணியிலே கல் நாட்டுவார் எவருமிலர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே குடாநாட்டின் தோற்றம் மாறத் தொடங்கியது. 1865 ஆம் ஆண்டிலே பாசல் மிஷன் சங்கத்தார் மங்களூரிலே ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினர். அங்கும் மலையாளக் கரையிலும் செய்யப்பட்ட ஓடுகள் கடல்வழியே பல நாடுகளுக்குச் சென்றன. ஆங்கிலக் கல்வி கற்ற யாழ்ப்பாணத்து இளைஞர் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் உத்தியோகம் பார்த்து அனுப்பிய பணம் கல்வீடாகவும் மதிலாகவும் உருவெடுத்தது. மலாயாப் பென்சன் கட்டிய வீடுகளை இன்றும் பல ஊர்களிலே காட்டுவர். ஓலை வீடுகளின் நடுவே ஓட்டு வீடு எழுந்த அந்தக் காலத்திலேதான் ஓலை வறுமையின் அடையாளமாயிற்று. அதற்கு முன் எல்லோருக்கும் பொதுவாயிருந்த கூரை, அதன் பின் சிலருடைய தலையெழுத்தாகப் பேசப்பட்டது.

குடிசையை உலகம் எவ்வாறு எழுதிக் காட்டியது என்பது தனியே நோக்கத்தக்கது. பன்னிரண்டாம் நூற்றாண்டிலே சேக்கிழார் பெரியபுராணத்தில் திருநாளைப்போவாருடைய வரலாற்றைக் கூறுமிடத்து, ஆதனூரின் புலைப்பாடியை விரிவாகத் தீட்டுகின்றார். சுரைக்கொடி படர்ந்த கூரை, முற்றத்திலே திரியும் கோழிக்குஞ்சுகள், மர நிழலில் உறங்கும் குழந்தை என்று அவர் கண்ட காட்சிகளிலே அருவருப்பு இல்லை. உழைத்து வாழும் மக்களின் இல்லறமே தெரிகின்றது. நல்லூர் ஆறுமுகநாவலர் 1852 இல் அப்புராணத்தை வசனநடையில் அச்சிட்டார். குடாநாட்டுக் கோயில்களிலே புராணபடனம் ஆண்டுதோறும் நடைபெற்றது. ஆனால் அந்தக் கதை உள்ளே படிக்கப்பட்ட வேளையிலே, அதே போன்ற குடிசைகளிலிருந்து வந்தவர்கள் வெளிவீதியிலே நின்றார்கள். புராணத்துக் குடிசைக்குக் கண்ணீர் விட்ட ஊர், அயலிலுள்ள குடிசைக்கு வழி விடவில்லை.

மேனாட்டிலும் இந்தக் குருட்டுத்தன்மை இருந்தது. 1889 இல் சாள்ஸ் பூத் என்பவர் இலண்டன் மாநகரின் வறுமையை ஆராய்ந்து, தெருத் தெருவாக நிறம் தீட்டிய வரைபடத்தை வெளியிட்டார். செல்வர் தெருக்களுக்குப் பொன்மஞ்சள் நிறம். மிகத் தாழ்ந்த வறியோர் தெருக்களுக்குக் கறுப்பு. அக்கறுப்புக்கு அவர் எழுதிய விளக்கம், தீயொழுக்கமுடையோர், பாதிக் குற்றவாளிகள் என்பது. வருமானத்தை அளக்கப் புறப்பட்ட வரைபடம் ஒழுக்கத்துக்கும் தீர்ப்பு எழுதிவிட்டது. அந்த ஆராய்ச்சியினாலேயே முதியோர் உதவிப்பணம் முதலிய நன்மைகளுக்கு வழி பிறந்தது உண்மை. எனினும் கறுப்பு மை ஒருமுறை பட்ட தெருவிலிருந்து வந்தவனுக்கு வேலை கொடுப்பவர் இருமுறை யோசித்திருப்பர்.

இலங்கையிலே வறியோர் வீட்டைப் பற்றிய சட்டம் முதலிலே நோயச்சத்தினால் பிறந்தது. 1914 இல் கொழும்பிலே கொள்ளைநோய் தோன்றியது. அடுத்த ஆண்டிலே வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. காற்றும் வெளிச்சமும் புகாத வீடுகளை வாழத் தகாதவையென அறிவிக்கும் அதிகாரம் நகர ஆட்சியாளருக்குக் கிடைத்தது. வீடு வாழத் தகாதது என்று சொல்வது எளிது. அதிலே வாழ்ந்தவர் மறுநாள் எங்கே வாழ்வார் என்பதற்கு விடை கூறுவது அரிது. தீவின் நகரங்கள் பலவற்றிலே அந்த விடை பல ஆண்டுகள் தாமதித்தது.

யாழ்ப்பாண நகரம் 1949 இல் மாநகர சபையாயிற்று. நகரின் தெற்கிலே கடனீரேரியை அடுத்துக் குருநகர், பாசையூர் என்னும் பகுதிகளிலும் மேற்கிலே நாவாந்துறையிலும் மீன்பிடித் தொழிலாளர் நெருக்கமாக வாழ்ந்தனர். கடலை நிரப்பி எடுத்த நிலத்துக்கு ரெக்கிளமேசன் என்ற பெயரே ஊர்ப்பெயராக நிலைத்துவிட்டது. வலையும் வள்ளமும் வைக்க இடம் வேண்டும். கரையை விட்டு அகன்றால் தொழில் கெடும். கரையிலோ நிலம் இல்லை. ஆகவே ஒரு காணிக்குள் பல குடும்பங்கள் நெருங்கின. பின்னாளிலே குருநகரில் எழுந்த தொடர்மாடி வீடுகள் இந்த நெருக்கடிக்கு அளிக்கப்பட்ட விடைகளுள் ஒன்று. இதே நகரத்தைத் துப்புரவாக வைத்திருந்த தொழிலாளரோ, பிரித்தானியர் காலத்திலே தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களும் அவர் வழித்தோன்றல்களும் ஆவர். அவர்கள் வேலையோடு கிடைத்த வரிசை அறைகளிலே வாழ்ந்தனர். வேலை போனால் கூரையும் போகும். ஊரைத் துப்புரவு செய்தவர் வாழ்ந்த இடத்தையே ஊர் அழுக்கென்று சொல்லிற்று.

கிராமங்களிலே போராட்டம் வேறு வடிவம் கொண்டது. 1920களின் இறுதியிலே பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வேண்டுமென்ற ஆணை பிறந்தபொழுது, சில பாடசாலைகள் தீக்கிரையாயின. உரிமை கேட்டவர்களுடைய குடிசைகளும் பல சமயங்களில் எரிக்கப்பட்டன. வேனிற்காலத்திலே காய்ந்த ஓலைக்கூரைக்கு ஒரு தீக்குச்சி போதும். சோளகக் காற்று எஞ்சியதைச் செய்யும். கல்வீட்டுக்காரரின் கோபத்துக்கும் ஓலைவீட்டுக்காரரின் கோபத்துக்கும் இந்த ஒரு வேறுபாடு எப்பொழுதும் இருந்தது. 1940களிலே எழுந்த அகில இலங்கைச் சிறுபான்மைத் தமிழர் மகாசபை, கல்வி, கோயில், தேநீர்க்கடை, கிணறு என்பவற்றோடு குடியிருப்பு நிலத்தையும் தன் கோரிக்கைகளுள் சேர்த்துக்கொண்டது. 1957 ஆம் ஆண்டிலே சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. 1966 ஒக்ரோபர் 21 ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலே நிகழ்ந்த போராட்டமும் அச்சட்டத்துக்கு உயிர் கொடுத்தன.

அச்சட்டம் கடையின் கதவையும் கோயிலின் கதவையும் திறக்கச் சொன்னது. காணியைப் பற்றி அது பேசவில்லை. 1972 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் ஒருவர் வைத்திருக்கத்தக்க நிலத்துக்கு ஐம்பது ஏக்கர் என்று உச்ச எல்லை வகுத்தது. வயலுக்கு இருபத்தைந்து ஏக்கர். பதினாறு பரப்பு ஓர் ஏக்கராகக் கணக்கிட்டுப் பரப்புக் கணக்கிலே காணி வாங்கி விற்கும் குடாநாட்டிலே அந்த எல்லையைத் தொட்டவர் மிகச் சிலரே. ஆதலின் தீவின் பிற பகுதிகளைக் குலுக்கிய அச்சட்டம் இங்கே இலையைக்கூட அசைக்கவில்லை. 1973 இன் வீட்டுடைமை உச்சவரம்புச் சட்டமும் வாடகை வீட்டுக்காரருக்கு உதவியது. வாடகைச் சீட்டே இல்லாமல் பிறர் காணியிலே ஓலைபோட்டு வாழ்ந்தவருக்கு அது எட்டவில்லை.

இக்காலத்திலே குடிசைக்குள்ளிருந்தே சில குரல்கள் எழுந்தன. அதுவரை குடிசையைப் பற்றிப் பிறர் எழுதினர். 1960 இல் டொமினிக் ஜீவா வெளியிட்ட தண்ணீரும் கண்ணீரும் என்னும் சிறுகதைத் தொகுதி அரசின் சாகித்தியப் பரிசைப் பெற்றது. முடிதிருத்தும் நிலையமொன்றிலே தொழில் செய்துகொண்டே எழுதிய அவர், 1966 இல் மல்லிகை என்னும் மாத இதழையும் தொடங்கினார். 1965 இல் செ. கணேசலிங்கன் நீண்ட பயணம் என்னும் நாவலையும், 1972 இல் கே. டானியல் பஞ்சமர் என்னும் நாவலையும் தந்தனர். இவ்வெழுத்துக்களிலே வரும் குடிசை இரங்கத்தக்க காட்சியன்று. அங்கே கோபமும் சிரிப்பும் கணக்கும் வழக்கும் உண்டு. இழிசனர் இலக்கியம் என்று அன்று சில பண்டிதர் எள்ளினர். அந்த எள்ளலே, குடிசையிலுள்ளவன் பிறரால் பேசப்படலாம், தானே பேசலாகாது என்ற பழைய எண்ணத்தின் எச்சம்.

பாக்குநீரிணைக்கு அப்பால், தமிழ்நாட்டு அரசு 1970 இல் குடிசை மாற்று வாரியத்தை நிறுவியது. குடிசைகளை அகற்றி அடுக்குமாடி வீடுகளைத் தருவது அதன் நோக்கம். தொடக்கத்திலே மக்கள் வாழ்ந்த இடத்திலேயே வீடுகள் எழுந்தன. பிற்காலத்திலே சென்னை நகரத்து வறியோர் பலர் நகருக்கு வெளியே தொலைதூரத்துக்கு அனுப்பப்பட்டனர். வீடு கிடைத்தது; வேலைக்குச் செல்லும் வழி நீண்டது. 2021 இல் அவ்வாரியம் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. குடிசை என்னும் சொல்லையே நீக்கவேண்டுமென்று ஓர் அரசுக்குத் தோன்றியது, அச்சொல்லின்மேல் எத்தனை சுமை ஏற்றப்பட்டிருந்தது என்பதற்குச் சான்று. இலங்கையிலோ 1978 இல் ஓர் இலட்சம் வீடுகள் திட்டமும், 1984 இல் பத்து இலட்சம் வீடுகள் திட்டமும் தொடங்கின. பின்னைய திட்டம் அரசே வீடு கட்டித் தருவதைக் குறைத்து, சிறு கடன் கொடுத்து மக்களே தம் வீட்டைக் கட்டுமாறு ஊக்கியது. வறியவன் தன் வீட்டைத் தானே திட்டமிட வல்லவன் என்று ஓர் அரசு ஏற்றுக்கொண்டதே அதன் சிறப்பு. இலங்கையின் முயற்சியினால் 1987 ஆம் ஆண்டை வீடற்றோருக்கான அனைத்துலக ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை கொண்டாடியது. அந்த ஆண்டிலே வடக்கு முழுவதும் போர் மூண்டிருந்தது. உலகம் வீடற்றோரை நினைத்த ஆண்டிலேயே குடாநாட்டிலே வீடுகள் குண்டுக்கு இரையாயின.

1990 இன் நடுப்பகுதியிலே வலிகாமம் வடக்கு மக்கள் தம் ஊர்களை விட்டு வெளியேறினர். அவர்கள் விட்டுச் சென்ற நிலம் பின்னர் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. அதே ஆண்டு ஒக்ரோபர் இறுதியிலே யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். இவ்விரு வெளியேற்றங்களும் ஒரு பழைய உண்மையைப் புதிதாகக் காட்டின. காணியும் உறவும் உடையவர் காலப்போக்கிலே வேறிடத்தில் வேரூன்றினர். சிலர் கொழும்புக்கும் கடல் கடந்தும் சென்றனர். சுன்னாகம், மல்லாகம், கோணப்புலம் முதலிய இடங்களிலே அமைந்த நலன்புரி நிலையங்களிலே கால் நூற்றாண்டுக்கு மேல் எஞ்சியிருந்தவர் பெரும்பாலும் கூலித்தொழிலாளரும் மீன்பிடிப்போருமே. அவர்களுட் பலருக்குத் திரும்பிச் செல்லவும் சொந்தக் காணி இருந்ததில்லை. ஓலைக்குப் பதிலாகத் தறப்பாளும் தகரமும் வந்தன. பிறர் நிலம் என்ற நிலை மாறவில்லை. தற்காலிகம் என்று பெயரிட்ட கொட்டிலிலே பிறந்த பிள்ளை, அங்கேயே மணம் முடித்து, அங்கேயே தன் பிள்ளையை வளர்த்தது. முகாம் பிள்ளைகள் என்ற பெயர் பாடசாலையிலே அவர்களைப் பின்தொடர்ந்தது. சோனகத் தெருவுக்கு மீண்டு வந்த முஸ்லிம் குடும்பங்களும் இதே முடிச்சிலே அகப்பட்டன. 1990 இல் ஒரு குடும்பம் வாழ்ந்த வீட்டுக்குப் பின்னாளில் அதன் பிள்ளைகளுடைய குடும்பங்கள் பல உரித்தாயின. நிலம் ஒன்றே, கூரை வேண்டியவர் பலர்.

2009 இல் போர் முடிந்தபின், இந்திய அரசின் உதவியால் ஐம்பதாயிரம் வீடுகள் அமைக்கும் திட்டம் தொடங்கியது. அதன் முதன்மைக் கட்டம் 2012 ஒக்ரோபரில் ஆரம்பமாயிற்று. வடக்கு கிழக்கிலே ஒவ்வொரு குடும்பத்துக்கும் 550,000 ரூபாய் கட்டங்கட்டமாக வழங்கப்பட்டது. வீட்டுக்காரரே மேசனைப் பிடித்து, மணலும் சீமெந்தும் வாங்கி, வீட்டை எழுப்பினர். சிறு தொகையாயினும் அதனோடு தம் உழைப்பையும் கடனையும் சேர்த்துப் பலர் உறுதியான வீடுகளைக் கட்டி முடித்தனர். ஆனால் வீட்டுக்குப் பெயர் பதியச் சென்றவரிடம் முதலில் கேட்கப்பட்டது காணியின் ஆவணமே. உறுதியோ அனுமதிப் பத்திரமோ காட்ட முடியாதவர், வீடு மிக வேண்டியவராயிருந்தும் வரிசையின் கடைசிக்குச் சென்றார். 2016 இல் இரும்புச் சட்டகத்தால் ஆன 65,000 பொருத்து வீடுகளைத் தருவதென்ற திட்டம் முன்வைக்கப்பட்டபொழுது, வெப்பம் மிகுந்த இந்நாட்டுக்கு அவை ஏற்றவையல்லவென்றும், அதே பணத்திலே அதனினும் கூடிய தொகையான கல்வீடுகளை மக்களே கட்டுவரென்றும் பொறியியலாளரும் பொதுமக்களும் எதிர்த்தனர். வறியவனுக்கு எது கொடுத்தாலும் போதும் என்ற எண்ணத்துக்கு அவ்வெதிர்ப்பு ஒரு மறுமொழி. அதே ஆண்டிலே கீரிமலையில் நல்லிணக்கபுரம் என்னும் பெயரால் நூறு வீடுகள், முகாம்களிலிருந்த குடும்பங்களுக்கு அளிக்கப்பட்டன. அங்கே வீடு மட்டுமன்றி அது நிற்கும் நிலமும் கிடைத்தமையே அக்குடும்பங்களுக்குப் பெரிய மாற்றம்.

இந்த முந்நூறு ஆண்டுக் கதையிலே ஒரு நூல் அறுபடாமல் ஓடுகின்றது. 1844 இல் மனிதனை விடுவித்தார்கள், நிலத்தை மறந்தார்கள். 1915 இல் நோயைக் கண்டார்கள். நோயாளியின் நிலத்தைக் காணவில்லை. 1957 இல் கதவைத் திறந்தார்கள், வேலியைத் தொடவில்லை. 2012 இல் வீட்டுக்குப் பணம் தந்தார்கள். காணி இல்லாதவனை நிற்க வைத்தார்கள். ஒவ்வொரு முறையும் எஞ்சி நின்ற குடிசையைக் காட்டி, இவர்களுக்கு எத்தனை செய்தாலும் இப்படித்தான் என்று சொல்வார் இருந்தனர். அப்படிச் சொன்னவர், இரண்டு பரப்புக் காணிக்கு உறுதி கிடைத்த குடும்பங்களைச் சென்று பார்த்திருப்பாராயின் வேறு கதை கண்டிருப்பர். உறுதி கைக்கு வந்த ஆண்டிலே வேலி அடைக்கப்படுகின்றது. அடுத்து முருங்கையும் வாழையும் நடப்படுகின்றன. பின்பு கிணறு, அதன் பின்பு கல்லரியும் ஓசை. ஓலைக்கூரைக்குள் இருந்த அதே கைகளே இவற்றைச் செய்கின்றன.

யாழ்ப்பாணத்து உறுதிகளிலே காணியின் எல்லைகளைச் சொன்னபின், கிணற்றிலே பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் தனியே எழுதப்படுவதுண்டு. ஒருவர் நீர் அள்ளவும் நடந்து செல்லவும் உள்ள உரிமை அந்த ஒரு வரியிலே நிலைக்கின்றது. அவ்வரி தன் பெயரிலே எழுதப்பட்ட நாளில், பரம்பரையாகப் பிறர் வார்க்கக் காத்திருந்த கை தானே துலாவைப் பிடிக்கின்றது. அதன்பின் வழி கேட்டு வருவோருக்கு அவ்வீட்டை எவரும் கொட்டில் என்று காட்டுவதில்லை. "எந்த வளவு?" என்று கேட்பவருக்கு, அவரும் தம் வளவின் பெயரைச் சொல்லலாம்.